பேதர் ஃபுருபோட்ன்: சொந்த மண்ணில் நின்று சிந்தித்த பொதுவுடைமையர்



1949 அக்டோபர் 15ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் லாஸ்லோ ராய்க் தூக்கிலிடப்பட்டார். ஸ்பெயின் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்டவர் அவர். ஹங்கேரியின் உள்துறை அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் ஆள், ஏகாதிபத்தியத்தின் உளவாளி என்று அவருடைய கட்சியே அவர்மீது குற்றம் சாட்டியது. அதற்கு ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 20ஆம் தேதி, ஒஸ்லோவில் நார்வே கம்யூனிஸ்ட் கட்சியின் ஒரு பிரிவினர் கட்சி அலுவலகத்தைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தக் கட்சியைத் தலைமறைவில் வழிநடத்திய ஒருவரையும் அவருடைய தோழர்களையும் வெளியேற்றினார்கள். டிட்டோயிஸ்ட், டிராட்ஸ்கியவாதி, முதலாளித்துவத் தேசியவாதி என்ற அதே பட்டங்கள் இங்கும் சூட்டப்பட்டன. புடாபெஸ்டில் கட்சியின் கையில் காவல்துறையும் நீதிமன்றமும் தூக்குமேடையும் இருந்தன. ஒஸ்லோவில் அவை கட்சியின் கையில் இல்லை. அதனால் பேதர் ஃபுருபோட்ன் இன்னும் 26 ஆண்டுகள் உயிரோடு இருந்தார்.

இந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நார்வே என்றதும் நம் நினைவுக்கு வருவது அமைதிப் பேச்சுவார்த்தை, நோபல் பரிசு, எண்ணெய் வளம். அந்த நாட்டுக்கு வலுவான ஒரு கம்யூனிஸ்ட் வரலாறு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதிலும் ஃபுருபோட்ன் வாழ்க்கை ஒரு கேள்வியை நேராக நம் முன் வைக்கிறது. உலகம் தழுவிய ஓர் இயக்கத்தில் இருக்கும் கட்சி, தன் நாட்டு நிலைமையைத் தானே பார்த்துத் தானே முடிவெடுக்கலாமா? எடுக்க வேண்டும் என்பதே அவர் வந்து சேர்ந்த விடை. அந்த விடையை அவர் புத்தகத்தில் கண்டெடுக்கவில்லை. அதை அடைய அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அந்த இருபது ஆண்டுகளில் அவர் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன்.

அவர் பிறந்தது 1890 ஆகஸ்ட் 28ஆம் நாள், மேற்கு நார்வேயில் சோக்ன் பகுதியைச் சேர்ந்த ப்ரெக்கே என்ற ஊரில். கடல் நீண்ட விரல்களாக மலைகளுக்குள் புகுந்து கிடக்கும் பகுதி அது. விளைநிலம் குறைவு. பிழைக்க வேண்டுமானால் மீன்பிடிக்கவோ, நகரத்துக்கோ, அமெரிக்காவுக்கோ போகவேண்டும். ஃபுருபோட்ன் மரச்சாமான் செய்யும் தச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டு பெர்கன் நகரத் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தார். பெர்கன் நார்வேயின் இரண்டாம் பெரிய நகரம், பழைய வணிகத் துறைமுகம். ஒஸ்லோக்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அந்த ஊருக்கு என்றுமே இருந்ததில்லை. இவர் வாழ்க்கையில் அதுவும் ஒரு பங்கு வகித்தது என்று நினைக்கிறேன்.

அன்றைய நார்வேயைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1905இல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்து தனி நாடான சில ஆண்டுகளிலேயே அங்கே ஆலைகள் திடீரென்று பெருகின. அருவிகளிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். ரியூக்கான், ஓடா போன்ற இடங்களில், நேற்றுவரை ஆடு மேய்த்த பள்ளத்தாக்குகளில், ரசாயன ஆலைகள் எழுந்தன. அங்கே வேலைக்குக் குவிந்தவர்கள் கிராமங்களிலிருந்து புறப்பட்டு வந்த இளைஞர்கள். பழைய கைவினைச் சங்கங்களின் நிதானமோ, பேரம் பேசும் பழக்கமோ அவர்களுக்கு இல்லை. எட்வர்ட் புல் என்ற நார்வே வரலாற்றாசிரியர் 1922இல் மூன்று ஸ்காண்டிநேவிய நாடுகளின் தொழிலாளர் இயக்கங்களை ஒப்பிட்டு எழுதினார். டென்மார்க், ஸ்வீடன் கட்சிகளைவிட நார்வேத் தொழிலாளர் கட்சி தீவிரமானதற்குக் காரணம் இந்தத் திடீர்த் தொழில்மயம்தான் என்றார். இந்த விளக்கத்தை இன்றுவரை விவாதிக்கிறார்கள், ஒதுக்கிவிடவில்லை. முதல் உலகப்போரில் நார்வே நடுநிலை வகித்தது. கப்பல் முதலாளிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்க, தொழிலாளி வீட்டில் விலைவாசி கழுத்தை நெரித்தது. 1918இல் மார்ட்டின் த்ரான்மேல் தலைமையிலான தீவிரப் பிரிவு தொழிலாளர் கட்சியைக் கைப்பற்றியது. 1919இல் அந்தக் கட்சி லெனினின் கம்யூனிஸ்ட் அகிலத்தில் சேர்ந்தது. ஒரு நாட்டின் பிரதான தொழிலாளர் கட்சியே அகிலத்தில் சேர்வது மேற்கு ஐரோப்பாவில் அபூர்வமாக நடந்த ஒன்று.

ஆனால் அகிலம் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. மாஸ்கோவில் எடுக்கும் முடிவு ஒவ்வொரு நாட்டுக் கட்சியையும் கட்டுப்படுத்தும். சங்கங்கள் கூட்டாகக் கட்சியில் இணைந்திருக்கும் நார்வே முறைக்கு இது ஒத்துவரவில்லை. 1923 நவம்பர் தொடக்கத்தில் சிறப்பு மாநாடு கூடியது. அகிலத்தின் கோரிக்கையை 169 பேர் எதிர்த்தார்கள், 110 பேர் ஆதரித்தார்கள். தோற்ற 110 பேரும் வெளியேறி நவம்பர் 4ஆம் நாள் நார்வே கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். அதன் முதல் பொதுச்செயலாளர் 33 வயதான தச்சுத் தொழிலாளி ஃபுருபோட்ன்.

அன்று தேசியத் தனித்தன்மை பேசியவர் த்ரான்மேல். மாஸ்கோவின் பக்கம் நின்றவர் ஃபுருபோட்ன். பிற்காலத்தில் அவரை 'தேசியவாதி' என்று தூற்றி வெளியேற்றியவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1923 பிளவு தவறு என்பதே என் கருத்து. நார்வேத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் த்ரான்மேலோடு இருந்தார்கள். 1924 தேர்தலில் புதிய கட்சிக்கு 6.1 விழுக்காடு வாக்கும் 6 இடங்களும் கிடைத்தன. 1927இல் அது 3 இடங்களாகக் குறைந்தது. 1930இல் ஓர் இடமும் இல்லை. 1925 முதல் 1930 வரை கட்சித் தலைவராக இருந்தவர் ஃபுருபோட்ன்தான். அந்த ஐந்தாண்டுகளில் கட்சி கண்டது தேய்மானம் மட்டுமே. 1928இல் முதல் தொழிலாளர் கட்சி அரசை அமைக்க அழைத்தபோது, தான் கம்யூனிஸ்டுகளுக்கும் அரசன்தான் என்று ஏழாம் ஹாக்கன் மன்னர் சொன்னதாக நார்வேக்காரர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். மன்னர் அப்படி உரிமை கொண்டாடிய குடிமக்களின் எண்ணிக்கை அந்நாளில் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1930இல் ஃபுருபோட்ன் மாஸ்கோ சென்றார். எட்டாண்டுகள் அங்கேயே அகிலத்தின் பணியில் இருந்தார். அவர் வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி இதுதான். எழுதுகிறவர்களுக்கும் இதுவே கடினமான பகுதி. 1936 முதல் 1938 வரை நடந்த பெருங்களையெடுப்பு அகிலத்தின் ஊழியர்களையும் விடவில்லை. ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி, யூகோஸ்லாவியா என்று நாடுவாரியாகத் தோழர்கள் இரவில் கூட்டிச்செல்லப்பட்டுத் திரும்பாமல் போனார்கள். டென்மார்க் கட்சியின் பிரதிநிதி ஆர்னே முங்க்-பீட்டர்சன் 1937 ஜூலையில் கைது செய்யப்பட்டு 1940இல் சிறையிலேயே இறந்தார். அவருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் மனைவிக்குப் பல பத்தாண்டுகள் யாரும் சொல்லவில்லை. இத்தனையும் நடக்கும்போது ஃபுருபோட்ன் அந்த நகரத்தில் இருந்தார். வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார், அது உண்மை. பேசவில்லை என்பதும் உண்மை. 1938இல் அவர் நார்வே திரும்பினார். எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

திரும்பியவர் பெர்கனில் மேற்கு நார்வேக் கட்சிக் கிளைகளைக் கட்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1939 ஆகஸ்ட் 23இல், சோவியத் ஒன்றியமும் ஹிட்லரின் ஜெர்மனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நடப்பது இரு ஏகாதிபத்தியங்களுக்கு இடையிலான போர், இதில் தொழிலாளிக்கு வேலை இல்லை என்பது அகிலத்தின் நிலைப்பாடு ஆயிற்று. 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மானியப் படை நார்வேயில் இறங்கியது. மன்னரும் அரசும் வடக்கே பின்வாங்கி இரண்டு மாதம் போராடி, ஜூனில் லண்டன் சென்றார்கள். அந்நிய ராணுவம் வீதியில் நடக்கும்போதும் ஒஸ்லோவில் கட்சியின் பத்திரிகை வெளிவந்துகொண்டிருந்தது. போருக்கான பழியில் பெரும்பகுதியைப் பிரிட்டன்மீதும் நார்வேயின் பழைய அரசின்மீதும் அது சுமத்தியது. ஒரு தேசத்தின் துயரத்தைக் கண்ணெதிரே பார்த்தும், வேறோர் ஊரிலிருந்து வந்த சூத்திரத்தையே திரும்பத் திரும்பச் சொன்ன அந்த மாதங்கள் நார்வே கம்யூனிஸ்டுகளை இன்றுவரை துரத்துகின்றன. துரத்துவது நியாயமே.

பெர்கனில் இருந்த ஃபுருபோட்னும் மேற்கு நார்வேத் தோழர்களும் இந்தப் போக்கை ஏற்கவில்லை. எதிரி ஆக்கிரமிப்பாளன்தான் என்று அவர்கள் கருதினார்கள். எந்த அளவுக்கு வெளிப்படையாக, எந்தத் தேதியிலிருந்து எதிர்த்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டையே நடந்திருக்கிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பெர்கனின் போக்கும் ஒஸ்லோத் தலைமையின் போக்கும் வேறுவேறு என்பதில் பெரிய ஐயம் இல்லை. எப்படியிருந்தாலும், 1940 ஆகஸ்ட் 16இல் ஜெர்மானியர் நார்வேயில் முதன்முதலாகத் தடை செய்த கட்சி கம்யூனிஸ்ட் கட்சிதான். ஒப்பந்தம் அதைக் காப்பாற்றவில்லை. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியதும் அடுத்த சுற்றுக் கைதுகள் தொடங்கின.

1941 செப்டம்பரில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒஸ்லோ ஆலைகளில் தொழிலாளர்களுக்குப் பால் பங்கீடு இருந்தது. அந்தப் பாலை நிறுத்தினார்கள். செப்டம்பர் 8ஆம் நாள் ஒவ்வோர் ஆலையாக வேலை நின்றது. ஏறத்தாழ 25,000 தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். நார்வேயின் ஆணையராக ஹிட்லர் அமர்த்தியிருந்த டெர்போவன் 10ஆம் தேதி விடியற்காலையில் நெருக்கடி நிலையை அறிவித்தான். அன்று மாலையே இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் விகோ ஹான்ஸ்டீன், தொழிற்சங்கக் கூட்டமைப்பின் சட்ட ஆலோசகர், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். மூன்று நாளில் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும். மற்றவர் ரோல்ஃப் விக்ஸ்ட்ரம், ரயில் பெட்டி ஆலை ஒன்றின் தொழிலாளர் தலைவர், வயது 28. வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்கள் இவர்கள்தான் என்று காட்டச் சான்று எதுவும் இல்லை. மற்றவர்களை அச்சுறுத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள். ஒஸ்லோவின் சங்கத் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். பின்னாளில் பிரதமரான தொழிலாளர் கட்சித் தலைவர் எய்னார் யெர்ஹார்ட்சன் கைதானதும் இதே செப்டம்பரில்தான்.

இந்த அடிக்குப் பிறகு, 1941 டிசம்பர் 31ஆம் நாள், தலைமறைவில் இருந்த கட்சி நிர்வாகிகள் ரகசியமாகக் கூடி ஃபுருபோட்னைத் தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முன்வைத்த கொள்கை எளிமையானது. காத்திருக்கக் கூடாது, இப்போதே போரிட வேண்டும். ரயில் பாதை, ஆலை, எண்ணெய்க் கிடங்கு, ஆட்களைப் பதிவு செய்யும் அலுவலகம் என்று ஆக்கிரமிப்பாளனின் இயந்திரத்தை எங்கே நிறுத்த முடியுமோ அங்கே நிறுத்த வேண்டும்.

இன்று கேட்கும்போது இது இயல்பாகத் தோன்றும். அன்று நார்வேயின் எதிர்ப்பியக்கத்தில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. லண்டனில் இருந்த அரசும், அதற்குக் கட்டுப்பட்ட மில்லோர்க் என்ற ராணுவ அமைப்பும் ஆட்களைப் பயிற்றுவித்து, நேசநாடுகள் வந்து இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். காரணம் அற்பமானது இல்லை. பெர்கனுக்கு மேற்கே கடலோரத்தில் தெலாவோக் என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் அங்கே நடந்த மோதலில் இரண்டு கெஸ்டாபோ அதிகாரிகள் இறந்தார்கள். டெர்போவன் நேரில் வந்து நின்றான். வீடுகள் அனைத்தும் எரிக்கப்பட்டன, படகுகள் மூழ்கடிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. 72 ஆண்கள் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 31 பேர் திரும்பவில்லை. வேறிடத்தில் சிறையில் இருந்த, இதில் தொடர்பே இல்லாத 18 இளைஞர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு குண்டு வெடித்தால் யாருடைய பிள்ளை சாகப்போகிறது என்று கேட்டவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஃபுருபோட்னின் பதிலும் அற்பமானது இல்லை. சும்மா இருந்தாலும் எதிரி கொல்கிறான், ஹான்ஸ்டீனும் விக்ஸ்ட்ரமும் குண்டு வைத்தவர்கள் இல்லையே என்றார். கிழக்குப் போர்முனையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் சாகும்போது, தன் சுதந்திரத்தை இன்னொருவர் வாங்கித் தரட்டும் என்று ஒரு நாடு காத்திருக்கலாமா என்று கேட்டார். போருக்குப் பிறகு எப்படிப்பட்ட நாடு அமையும் என்பது போரின்போது மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது என்றும் வாதிட்டார். இந்த இரு தரப்பில் எது சரி? இரண்டையும் பலமுறை எடைபோட்டுப் பார்த்த பிறகு, ஃபுருபோட்ன் பக்கமே நான் நிற்கிறேன். அதற்கு ஒரு சான்று உண்டு. 1944 வசந்தத்தில் நார்வே இளைஞர்களை வயதுவாரியாகக் கட்டாய வேலைக்கு அழைக்க முயன்றார்கள். ஆக்கிரமிப்பாளன் தங்களைப் போர்முனைக்கே அனுப்பிவிடுவான் என்ற அச்சம் பரவியது. அப்போது லண்டனோடு இணைந்திருந்த குழுக்களே பதிவு அலுவலகங்களையும் பதிவு இயந்திரங்களையும் தகர்த்தன. இளைஞர்கள் காடுகளுக்குள் ஓடினார்கள், திட்டம் தோற்றது. அந்த ஆண்டு இறுதியில் ரயில் பாதைகளைத் தாக்கும்படி நேசநாடுகளின் தலைமையகமே மில்லோர்க்குக்குச் சொன்னது. 1942இல் பொறுப்பற்ற செயல் என்று கண்டிக்கப்பட்டது 1944இல் அனைவரின் கொள்கையாயிற்று.

கம்யூனிஸ்டுகளின் நாசவேலைக் குழுக்களில் பெயர்பெற்றது ஓஸ்வால்டு குழு. அதன் தலைவர் ஆஸ்பியர்ன் சுண்டே கடலோடி, ஸ்பெயின் போரில் இருந்தவர். போர்க்காலத்தில் இந்தக் குழு நூறுக்கும் மேற்பட்ட தாக்குதல்களை நடத்தியது. சுண்டே கட்சியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருந்தவர் இல்லை. 1942 முதல் ஃபுருபோட்னோடு சேர்ந்து செயல்பட்டார், 1944இல் பிரிந்தார். பெர்கனில் சாபோர்க், ஒஸ்லோவில் பெல்லே என்று வேறு குழுக்களும் இருந்தன.

ஃபுருபோட்னின் தலைமையகம் நகரத்தில் இல்லை. முதலில் ஹெம்செடால் மலைப்பகுதி, பிறகு வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கின் காடுகளும் கோடையில் மாடு மேய்ப்பவர்கள் தங்கும் குடில்களும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் அடுத்ததற்கு மாறுவார்கள். அங்கே நடந்த வேலையில் பெரும்பகுதி எழுத்துவேலை. 1941 இலையுதிர்காலத்தில் பொதுமக்களின் வானொலிப் பெட்டிகளை ஜெர்மானியர் பறிமுதல் செய்திருந்தார்கள். ஆகவே லண்டன், மாஸ்கோ வானொலிச் செய்திகளைக் கேட்டு எழுதித் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டி நாடு முழுவதும் அனுப்பவேண்டும். 'ஃப்ரீஹேதன்' என்ற பத்திரிகை அப்படித்தான் பரவியது. பனிச்சறுக்குக் கட்டைகளில் மலை தாண்டிப் போனவர்கள், ரயிலில் பைக்குள் மறைத்துக் கொண்டுபோன பெண்கள், வீட்டில் இடம் கொடுத்து உணவும் கொடுத்த சிறு விவசாயிகள் என்று ஒரு பெரிய வலையே இதற்கு இருந்தது. 1942 இலையுதிர்காலத்திலிருந்து ரகசியப் பத்திரிகை நடத்துவோருக்கு மரண தண்டனை வரை உண்டு. அந்த விவசாயிகளில் பலர் கம்யூனிஸ்டுகளே இல்லை. வீட்டுக்கு வந்தவரைக் காட்டிக்கொடுக்க மனம் வராதவர்கள், அவ்வளவுதான். அவர்களில் பலர் பெயர்கூட எந்த வரலாற்று நூலிலும் ஏறவில்லை.

1944 ஜூனில் ஜெர்மானியர் வால்ட்ரெஸ் பகுதியை நூற்றுக்கணக்கான படையினரோடு சுற்றி வளைத்தார்கள். நார்வேயில் ஒரு தலைமறைவு முகாமைப் பிடிக்க நடந்த பெரிய தேடுதல் வேட்டைகளில் அது ஒன்று. தோழர்கள் சிலர் மாண்டார்கள், சிலர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார்கள். 53 வயதான ஃபுருபோட்ன் வளையத்திலிருந்து தப்பினார். போர் முடியும்வரை அவரைப் பிடிக்க முடியவில்லை.

அந்த மலைக்காடுகளில்தான் அவருடைய அரசியல் மாறியது. மாஸ்கோவிலிருந்து அன்றாடம் கட்டளை வரும் வழி அங்கே இல்லை. 1943இல் கம்யூனிஸ்ட் அகிலமே கலைக்கப்பட்டுவிட்டது. முடிவுகளைத் தாமே எடுக்கவேண்டும், அதன் விலையைத் தம் தோழர்களே கொடுக்கவேண்டும். தேச விடுதலையும் தொழிலாளியின் விடுதலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை, கட்சி நாட்டின் ஜனநாயக மரபுக்குள் நின்று வளர வேண்டும் என்று அவர் எழுதத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

1945 மே 8இல் நாடு விடுதலை பெற்றது. கம்யூனிஸ்டுகள்மீது மக்களுக்கு இருந்த மதிப்பு அதற்கு முன்போ பின்போ என்றும் அவ்வளவு உயர்ந்ததில்லை. வடக்கே ஃபின்மார்க்கில் செஞ்சேனை 1944 அக்டோபரில் கிர்க்கனேஸ் நகரை விடுவித்திருந்தது. 1945 செப்டம்பரில் அது தானாகவே வெளியேறியது. யெர்ஹார்ட்சன் அமைத்த அனைத்துக் கட்சி அரசில் இரண்டு கம்யூனிஸ்டுகள் இடம்பெற்றார்கள். ஒருவர் யோஹான் ஸ்ட்ராண்ட் யோஹான்சன். மற்றவர் கிர்ஸ்டன் ஹான்ஸ்டீன், 1941இல் சுட்டுக் கொல்லப்பட்ட விகோவின் மனைவி, போர்க்காலத்தில் பெண்களுக்கான ரகசியப் பத்திரிகையை நடத்தியவர். நார்வே வரலாற்றில் முதல் பெண் அமைச்சர் அவர்தான்.  

அக்டோபர் தேர்தலில் கட்சிக்கு 11.9 விழுக்காடு வாக்கும் 11 இடங்களும் கிடைத்தன. ஆனால் அதற்கு முன் அந்தக் கோடையிலேயே பெரியதொரு வாய்ப்பு நழுவிவிட்டது. வதைமுகாம்களில் ஒன்றாகக் கிடந்த தொழிலாளர் கட்சியினரும் கம்யூனிஸ்டுகளும், இனி ஒரே கட்சியாக இருப்போம் என்று பேசியிருந்தார்கள். இணைப்புப் பேச்சு தொடங்கி, தேர்தலுக்கு முன்பே முறிந்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று குறை சொல்கின்றன. ஃபுருபோட்ன் அன்று தன் பலத்தை மிகையாக மதிப்பிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. போரில் பெற்ற மதிப்பு அப்படியே நிலைக்கும் என்று நம்பிவிட்டார். தொழிலாளர் கட்சி 150 இடங்களில் 76 பெற்றுத் தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்ததும், அதற்கு யாருடைய துணையும் தேவைப்படவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்டுகள் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார்கள். அதே மாதம் 29ஆம் நாள் க்ரோக்கெரே என்ற ஊரில் யெர்ஹார்ட்சன் பேசிய பேச்சு, நார்வே கம்யூனிஸ்டுகளை நாட்டின் சுதந்திரத்துக்கே ஆபத்து என்று அடையாளம் காட்டியது. ஜூனில் ஸ்டாலின் டிட்டோவைக் கம்யூனிஸ்ட் அணியிலிருந்து விலக்கினார். 1949 ஏப்ரலில் நார்வே நேட்டோவில் சேர்ந்தது. அக்டோபர் 10 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றும் பதினொரு இடங்களையும் இழந்தது.

வெளியே அடி விழும்போது உள்ளே குற்றவாளி தேடப்பட்டார். கட்சித் தலைவர் எமில் லவ்லியனும் ஸ்ட்ராண்ட் யோஹான்சனும் ஒரு பக்கம், ஃபுருபோட்னும் அவரோடு மலையில் இருந்தவர்களில் பலரும் மறுபக்கம். அவர்களுக்கிடையே உண்மையான கருத்து வேறுபாடுகள் இருந்தன, அதிகாரப் போட்டியும் இருந்தது. ஃபுருபோட்ன் எளிதில் விட்டுக்கொடுப்பவர் இல்லை. மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்பவரும் இல்லை என்று அவரோடு வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குறைகளை ஒரு மாநாட்டில் வைத்து வாதாடியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் டிட்டோயிசம், சதி, எதிரியின் கையாள் என்ற சொற்களை எடுத்தார்கள். கெஸ்டாபோ வேட்டையாடிய மனிதரையே கெஸ்டாபோவோடு சேர்த்துப் பேசும் அளவுக்குப் போனார்கள். மாவட்டம் மாவட்டமாகக் கிளைகள் பிளந்தன. போரில் ஒரே ரொட்டியைப் பங்கிட்டவர்கள் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தும் பேசாமல் போனார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் வேதனையை இங்கே மறைக்க விரும்பவில்லை. தன் சொந்த மனிதர்களை ஆதாரமின்றி எதிரி என்று அழைக்கக் கற்றுக்கொண்ட இயக்கம், அந்தப் பழக்கத்திலிருந்து மீள்வது மிகக் கடினம்.

1955இல் சோவியத் தலைவர் குருச்சேவ் பெல்கிரேடுக்கே போய் டிட்டோவோடு உறவைச் சரிசெய்தார். அடுத்த ஆண்டு ஸ்டாலினின் குற்றங்களைத் தன் கட்சிக்குள்ளேயே அம்பலப்படுத்தினார். ராய்க் குற்றமற்றவர் என்று ஹங்கேரி அறிவித்தது. ஃபுருபோட்ன்மீது சுமத்தப்பட்ட குற்றங்களின் அடித்தளமே சரிந்துவிட்டது. ஆனாலும் அவர் கட்சிக்குள் திரும்பவில்லை. சிறு வட்டமாகச் சில தோழர்கள் அவரோடு இருந்தார்கள். அவர்களோடு படிப்பதும் எழுதுவதுமாகக் காலம் போயிற்று. அரசும் கம்யூனிஸ்டுகளை விட்டுவிடவில்லை. தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டதும், அதற்குத் தொழிலாளர் கட்சியையும் தொழிற்சங்கத்தையும் சேர்ந்தவர்களே துணைபோனதும் நாடாளுமன்றம் அமைத்த லுண்ட் ஆணையத்தின் 1996ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்தன.

ஃபுருபோட்னின் நினைவை மீட்டதில் டோர்கிரிம் டிட்லெஸ்டாட் என்ற வரலாற்றாசிரியருக்குப் பெரும் பங்குண்டு. 1970களிலிருந்து நூல்மேல் நூலாக எழுதினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் மற்ற ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, நானும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுதாவிட்டால் இந்த விவாதமே நடந்திருக்காது. ஓஸ்வால்டு குழுவினருக்கு ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தின் அருகே நினைவுச்சின்னம் எழுந்தது 2015 மே முதல் நாளில்தான். போர் முடிந்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் குழுவில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கடைசியாக 1975. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் நார்வே கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு கூடியது. மற்ற இடதுசாரிகளோடு கலந்து ஒரே சோசலிஸ்ட் கட்சியாவதா, தனியாக நிற்பதா என்பது அதன் முன் இருந்த கேள்வி. 1923இலும் 1945இலும் எழுந்த அதே கேள்விதான். தனியாக நிற்பது என்று பெரும்பான்மையினர் முடிவெடுத்தார்கள். தலைவர் ரெய்டார் லார்சன் உட்படப் பலர் வெளியேறினார்கள். அதன் பிறகு அந்தக் கட்சி நார்வே நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் பெறவில்லை. அதே நவம்பர் 28ஆம் நாள், தம் 85ஆம் வயதில், பேதர் ஃபுருபோட்ன் காலமானார்.